ராடு விலையைப் பார்த்து கேஸ் வாங்காதீங்க, போற தூரத்தைப் பார்த்து வாங்குங்க



சம்பளம் வந்த வாரத்துல ஒருத்தர் 3,000 ரூபாய்க்கு ஃபிஷிங் ராடு வாங்குறார்னு வச்சுக்குங்க. ரெண்டு நாள்ல அதே ஆப், "இதோட சேர்த்து இதையும் வாங்குறாங்க"ன்னு ஒரு கேஸைக் காட்டுது. ஹார்ட் ஷெல், உள்ளே ஸ்பான்ஞ், வெளியே ஜிப், தோள்ல மாட்டப் பட்டி. விலை 5,000 ரூபாய். மூணு மாச நோ-காஸ்ட் இஎம்ஐ வேற. "பொருள் வாங்கியாச்சு, பாதுகாப்பா வச்சுக்க வேண்டாமா?"ன்னு மனசு கேக்குது. விரல் பட்டனைத் தொடுது.

3,000 ரூபாய் பொருளுக்கு 5,000 ரூபாய் பாதுகாப்பு. இது சரியா தப்பா?

"தப்பு"ன்னு உடனே சொல்லத் தோணும். ஆனா நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சில பேருக்கு அது சரியான செலவு. பல பேருக்கு வீண் செலவு. ரெண்டு பேரையும் பிரிக்கிறது ராடோட விலை கிடையாது. அந்த ராடு எங்க போகுது, எப்படிப் போகுதுங்கிறதுதான். இந்தக் கட்டுரையோட மொத்தக் கருத்தும் அவ்வளவுதான். மீதி எல்லாம் அதுக்கான கணக்கு.

பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற இடத்துல தூண்டில் எதுக்குன்னு கேக்கலாம். புதுச்சேரிப் பக்கம் சனி, ஞாயிறு காலைல வந்து பாருங்க. அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு முகத்துவாரம், வீராம்பட்டினம் கடற்கரைன்னு ராடும் கையுமா நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் உங்க வயசுதான். ஐடி, பேங்க், ஃபேக்டரி சூப்பர்வைசர்னு மாசச் சம்பளக்காரங்க. நல்ல பொழுதுபோக்கு. ஆனா எந்தப் பொழுதுபோக்கா இருந்தாலும், பர்ஸைக் காலி பண்றது மெயின் பொருள் இல்ல, அதைச் சுத்தி வர்ற துணைப் பொருள்தான். கேமராவுக்கு பேக், பைக்குக்கு கார்டு, ராடுக்கு கேஸ். அதனால இந்தக் கணக்கைக் கத்துக்கிட்டா மத்த இடத்துலயும் உதவும்.

முதல்ல, ராடு எப்படி உடையுது?

பெரிய கொடுவா இழுத்து ராடு உடைஞ்சதுன்னு சொன்னா கேக்கவே கெத்தா இருக்கும். நிஜத்துல நிறைய ராடு உடையுறது கார் கதவுல, வீட்டு ஃபேன்ல, பைக்ல சாய்ச்சுக் கட்டினதுல, பஸ்ல மேல விழுந்த சூட்கேஸ்ல.

இதுக்குக் காரணம் இருக்கு. இப்ப வர்ற ராடு பெரும்பாலும் கார்பன் ஃபைபர். வளைஞ்சு கொடுக்கிறதுக்காகவே செஞ்சது, அதனால நீளவாக்குல நல்ல பலம். ஆனா பக்கவாட்டுல ஒரு கூர்மையான அடி விழுந்தா தாங்காது. அந்த அடியில உடனே உடையாது, கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் மட்டும் விழும். அடுத்த வாரம் மீன் மாட்டி ராடு வளையும்போது அதே இடத்துல "டக்"குனு முறியும். நாம மீனைக் குத்தம் சொல்வோம். ஃபைபர்கிளாஸ் ராடு கொஞ்சம் கனம், ஆனா இந்த மாதிரி அடியைக் கூடுதலாத் தாங்கும்.

ரெண்டாவது, கைடு. லைன் ஓடுற வளையம். அதுக்குள்ள இருக்கிற செராமிக் ரிங்ல சின்னக் கீறல் விழுந்தாப் போதும், நூலை அறுத்துடும். மூணாவது, நுனி. ராடுலயே மெலிசான பகுதி அதுதான், முதல்ல அடி வாங்குறதும் அதுதான்.

ஆக, கேஸ் காப்பாத்த வேண்டியது மூணு விஷயத்துல இருந்து: பக்கவாட்டு அடி, மேல விழுற பாரம், நுனியில இடிக்கிறது. தூசி படாம இருக்கிறதும் கீறல் விழாம இருக்கிறதும் அதுக்கு அப்புறம்தான். கேஸ் விளம்பரத்துல பெரும்பாலும் இந்த நாலாவது விஷயத்தைத்தான் அழகாக் காட்டுவாங்க.

பெரிய மார்க்கெட்ல கேக்குற ஒரே கேள்வி

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவுல இருக்கிற பெரிய மார்க்கெட் தெரியாத புதுச்சேரிக்காரங்க இருக்க மாட்டாங்க. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்றேன்: குபேர் மார்க்கெட்னும் சொல்வாங்க. யூனியன் பிரதேசமா ஆனபிறகு வந்த முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் பேரு. காய்கறி, பூ, மளிகை, மீன் எல்லாம் ஒரே வளாகத்துல.

அங்க மீன் கடையில வஞ்சிரம் வாங்கினா, வெட்டிக்கிட்டே அந்த அக்கா ஒண்ணு கேப்பாங்க: "இங்க வூட்டுக்கா தம்பி, மெட்ராஸுக்கா?"

வீட்டுக்குன்னா ஒரு கவர், முடிஞ்சது. சென்னைக்குன்னா ஐஸ் போட்டு, தெர்மாகோல் பெட்டியில வச்சு, டேப் ஒட்டணும். அதுக்குத் தனி காசு. ரெண்டும் அதே வஞ்சிரம், அதே கிலோ, அதே விலை. பேக்கிங் மட்டும் வேற, ஏன்னா தூரம் வேற. முத்தியால்பேட்டைக்குப் போற மீனுக்கு யாரும் தெர்மாகோல் பெட்டி விக்க மாட்டாங்க, வாங்கவும் மாட்டாங்க. கிலோ என்ன விலைங்கிறதை வச்சு அவங்க பேக்கிங்கை முடிவு பண்றதே இல்ல.

ரிஸ்க் மேனேஜ்மென்ட்னு நாங்க சிஏ படிப்புல பக்கம் பக்கமாப் படிச்ச விஷயம் இதுதான். பொருளுக்கு என்ன ஆபத்து, எவ்வளவு நேரம் அந்த ஆபத்துல இருக்கு, கெட்டுப்போனா எவ்வளவு நஷ்டம். இந்த மூணையும் ஒரே கேள்வியில அந்த அக்கா முடிச்சுடறாங்க. ஆன்லைன் கடை மட்டும் இந்தக் கேள்வியை நம்மகிட்ட கேக்கவே கேக்காது. கேட்டா பாதி கேஸ் விக்காது!

உங்க ராடு எப்படிப் போகுது? நாலு வகை

*1. வீட்டுல இருந்து பைக்ல, அரை மணி நேரத்துக்குள்ள.* புதுச்சேரியில இருக்கிற பெரும்பாலானவங்க இந்த வகை. ரெண்டு பீஸாக் கழட்டி, பஞ்சு வச்ச ஒரு துணிப் பை போதும். ரீலோட சேர்த்து வைக்கிற மாதிரி பை இருந்தா வசதி. முக்கியம், ராடைக் கழட்டாம நீளமா நட்டுக்கிட்டு பைக்ல போகாதீங்க. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தாழ்வா ஓடுற மின்கம்பியில பட்டா போறது ராடு மட்டும் இல்ல, உயிர். இந்த ஒரு காரணத்துக்காகவே ஏதாவது ஒரு பை எல்லாரும் வச்சிருக்கணும்.

*2. பஸ், ரயில்.* சென்னையில இருந்து ஈசிஆர் பஸ்ல வர்றவங்க, விழுப்புரம் வழியா ரயில்ல வர்றவங்க. இங்க பிரச்சினை மேல விழுற பாரம். துணிப் பை இதுக்குப் போதாது. பஸ் டிக்கியில பத்து சூட்கேஸுக்கு அடியில போற ராடைத் துணி காப்பாத்தாது. கெட்டியான குழாய் வேணும். ஆனா அது 5,000 ரூபாய் குழாயா இருக்கணும்னு அவசியமில்ல. அதைக் கீழே சொல்றேன்.

*3. விமானம்.* சென்னையில இருந்து அந்தமானுக்குப் போய் பாரை பிடிக்கிறது இப்ப நிறைய பேரோட கனவு. இங்க நீங்க பொருளை வேற ஒருத்தர் கையில கொடுத்துடறீங்க. எறிவாங்க, அடுக்குவாங்க, நீங்க பார்க்கவே முடியாது. இங்கதான் நிஜமான ஹார்ட் கேஸுக்கு வேலை.

*4. எங்கயும் போகல.* மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுப்பேன், மீதி நாள் பீரோ மேல. உங்களுக்குக் கேஸே வேண்டாம். சுவத்துல ரெண்டு கொக்கி அடிச்சு மாட்டி வைங்க. ஃபேனுக்கும் கதவுக்கும் தள்ளி.

ஒருத்தரே ரெண்டு வகையில வரலாம். மாசம் நாலு தடவை பைக், வருஷத்துக்கு ஒரு தடவை விமானம்னா, பைக்குக்குத் துணிப் பை வாங்குங்க. விமானத்துக்கு நண்பர்கிட்ட ஹார்ட் கேஸ் இரவல் கேளுங்க. வருஷத்துல நாலு நாள் தேவைப்படுற பொருளைச் சொந்தமா வச்சிருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

பைப் கேஸ்: பார்க்க சுமார், வேலையில சூப்பர்

ராடு கேஸ்னு பெரிய விலைக்கு விக்கிற பல பொருளோட உள்ளே இருக்கிறது ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். அந்தக் குழாய் உங்க ஊர் ஹார்டுவேர் கடையிலயே இருக்கு. பாத்ரூம் கழிவுநீருக்குப் போடுற எஸ்டபிள்யூஆர் பைப். 75, 90, 110 மில்லிமீட்டர்னு அளவு வரும். முழு நீளம் 3 மீட்டர், 6 மீட்டர். பிளம்பர் வேலை நடக்கிற வீட்டுல மிச்சத் துண்டு கிடைச்சா அதுவே போதும்.

செய்முறை சுலபம். ராடோட மடிச்ச நீளத்தைவிட 5 செ.மீ. கூடுதலா வெட்டுங்க. ஒரு முனையில எண்ட் கேப் வச்சு பிவிசி சொல்யூஷன் போட்டு ஒட்டுங்க. இன்னொரு முனையில திருகித் திறக்கிற மூடி. ரெண்டு முனையிலயும் உள்ளே வட்டமா வெட்டின ஸ்பான்ஞ். பழைய லேப்டாப் பேக் பட்டியைக் கட்டினா தோள்ல மாட்டிக்கலாம். ரெண்டு முனைக்கிட்டயும் சின்ன ஓட்டை ரெண்டு போடுங்க, காத்து போக. துணிப் பையில சுத்தி ராடை உள்ளே வைங்க, கீறல் விழாது.

விலை கடைக்குக் கடை மாறும். என் கணக்குல எல்லாம் சேர்த்து 700 ரூபாய்னு வச்சுக்கிறேன். எடையும் பெரிசில்ல. கெட்டியான 110 மி.மீ. பைப் 1.2 மீட்டர் துண்டு ஏறக்குறைய 2 கிலோ. 75 மி.மீ. பைப்னா அதுல பாதிக்கும் கொஞ்சம் மேல.

குறை இல்லாம இல்ல. ரீலைக் கழட்டித் தனியா வைக்கணும். பஸ் ஸ்டாண்டுல "பிளம்பரா தம்பி?"ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வியைத் தவிர்க்க 4,300 ரூபாய் கொடுக்கணுமாங்கிறதை நீங்களே முடிவு பண்ணுங்க.

அளவு எடுக்காம ஆர்டர் போடாதீங்க

கேஸ் ரிட்டர்ன் ஆகுறதுக்கு முதல் காரணம் நீளம். 7 அடி ராடுன்னா 213 செ.மீ. ரெண்டு பீஸ்னா ஒரு பீஸ் 107-ல இருந்து 110 செ.மீ. வரும். பாதியாப் பிரிச்சா சரியா பாதி வராது, இணைப்புப் பகுதி கொஞ்சம் கூடுதலா இருக்கும். அதனால பெட்டியில போட்ட அளவை நம்பாம டேப் வச்சு அளங்க. அதே மாதிரி ரீல் பக்கம் இருக்கிற பெரிய கைடோட உயரத்தையும் அளங்க. குழாயோட உள்விட்டம் அதுக்கு இடம் கொடுக்கணும். கடையில சொல்ற 75 மி.மீ. வெளிவிட்டம், உள்ளே அதைவிடக் குறைவு.

விமானத்துக்கு இன்னொரு கணக்கு. பல விமான நிறுவனங்கள்ல செக்-இன் பெட்டியோட நீளம், அகலம், உயரம் மூணையும் கூட்டினா 158 செ.மீ.க்குள்ள இருக்கணும். 115 செ.மீ. நீளம், 11 செ.மீ. விட்டம் உள்ள குழாய்னா 115 + 11 + 11 = 137. தப்பிச்சோம். ஒரே பீஸ் 7 அடி ராடுன்னா 213-லயே தாண்டிருச்சு. அது தனிக் கட்டணம், தனி வரிசை.

"நாலு பீஸ் டிராவல் ராடு வாங்கினா கையிலயே கொண்டு போயிடலாமே?"ன்னு கேப்பீங்க. கேபின் பெட்டிக்கு நிறைய இடத்துல 55 செ.மீ. நீளம்தான் அனுமதி. 213-ஐ நாலால வகுத்தாலே 53 வருது. இணைப்பு, குழாய் மூடி எல்லாம் சேர்த்தா தாண்டிடும். செக்யூரிட்டியில என்ன சொல்வாங்கங்கிறதும் உங்க கையில இல்ல. அதனால கேபினை நம்பிப் போகாதீங்க. ஹூக், லூர், கத்தி எல்லாம் கண்டிப்பா செக்-இன்லதான். புறப்படும் முன்னாடி உங்க விமான நிறுவனத்தோட அளவு விதியை ஒரு தடவை பாருங்க.

இதுல ஒரு பாடம் இருக்கு. கேஸ் செலவைக் குறைக்கச் சிறந்த நேரம், கேஸ் வாங்கும்போது இல்ல, ராடு வாங்கும்போது. அடிக்கடி பயணம் போறவங்க மடிச்ச நீளம் குறைவான ராடை வாங்கினா, கேஸ் பிரச்சினை பாதி அங்கயே முடிஞ்சுடும்.

இப்போ கணக்கு

கீழே இருக்கிற சதவீதம் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட ஊகம். உங்க அனுபவத்தை வச்சு மாத்திப் போட்டுக்குங்க. முறைதான் முக்கியம்.

முதல் ஆள்: ராடு 3,000 ரூபாய். பைக்லயும் எப்பவாவது பஸ்லயும் போறவர்.

– துணிப் பை (900 ரூபாய்): வருஷத்துல உடைய 10% வாய்ப்பு. எதிர்பார்க்கிற நஷ்டம் 300 ரூபாய்.
– ஹார்ட் கேஸ் (5,000 ரூபாய்): 2% வாய்ப்பு. நஷ்டம் 60 ரூபாய்.
– பைப் (700 ரூபாய்): 3% வாய்ப்பு. நஷ்டம் 90 ரூபாய்.

துணிப் பையை விட்டு ஹார்ட் கேஸுக்குப் போனா வருஷத்துக்கு 240 ரூபாய் மிச்சம். அதுக்குக் கூடுதலாக் கொடுத்தது 4,100 ரூபாய். போட்ட காசு திரும்ப வர 17 வருஷம். அதுக்குள்ள ஜிப் போயிடும்!

ரெண்டாவது ஆள்: 12,000 ரூபாய் ராடு ரெண்டு. வருஷத்துக்கு நாலு தடவை விமானம்.

– துணிப் பை: 25% வாய்ப்பு. எதிர்பார்க்கிற நஷ்டம் 6,000 ரூபாய்.
– ஹார்ட் கேஸ்: 3% வாய்ப்பு. நஷ்டம் 720 ரூபாய்.

மிச்சம் வருஷத்துக்கு 5,280 ரூபாய். கூடுதலாக் கொடுத்த 4,100 ரூபாய் பத்து மாசத்துக்குள்ள திரும்பிடுது. இவரு ஹார்ட் கேஸ் வாங்காம இருந்தாதான் தப்பு. இன்னொண்ணு, அந்தமான்ல இறங்கிப் பார்க்கும்போது ராடு உடைஞ்சிருந்தா போறது ராடு விலை மட்டும் இல்ல. படகு வாடகை, டிக்கெட், நீங்க போட்ட லீவு, எல்லாம் சேர்த்துப் போகுது.

"உடைஞ்சா ஏர்லைன்ஸ் கொடுக்கும்ல?" உள்நாட்டுப் பயணத்துல பேக்கேஜ் தொலைஞ்சாலோ சேதமானாலோ ஒரு பயணிக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய்னுதான் பயணிகள் உரிமைச் சாசனம் சொல்லுது. அது உச்சவரம்பு, உத்தரவாதம் இல்ல. உடையக்கூடிய பொருள்னு கவுன்ட்டர்ல சொன்னா, "லிமிடெட் ரிலீஸ்" டேக்ல கையெழுத்து கேப்பாங்க. அதுல கையெழுத்து போட்டா, சேதத்துக்கு நிறுவனத்தோட பொறுப்பு குறைஞ்சுடுது. நல்ல கேஸ்தான் அங்க உங்க இன்ஷூரன்ஸ்.

கவனிச்சீங்களா? ரெண்டு கணக்குலயும் கேஸ் விலை அதே 5,000. ஒருத்தருக்கு 17 வருஷம், இன்னொருத்தருக்கு பத்து மாசம். "ராடு விலையும்தானே மாறியிருக்கு?"ன்னு கேப்பீங்க. சரி, ரெண்டாவது ஆளோட 24,000 ரூபாய் ராடை வீட்டுல கொக்கியில மாட்டி வச்சா? அடிபட வழியே இல்ல. அந்த ராடுக்கு 5,000 ரூபாய் கேஸ் எதையும் மிச்சப்படுத்தாது.

ஜிஎஸ்டி பக்கம் ஒரு எட்டு

சிஏ எழுதுற கட்டுரையில இது இல்லாமலா! 2025 செப்டம்பர் 22 முதல் தூண்டில் ராடு, தூண்டில் சாமான்களுக்கு ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 சதவீதமாக் குறைஞ்சுது. ஆனா தனியா வாங்குற கேஸுக்கு 18 சதவீதம். பைப்புக்கும் 18தான்.

இதுல ஒரு நுணுக்கம். ஒரு பொருளுக்காகவே வடிவமைச்ச, நீண்ட நாள் உழைக்கிற கேஸ், அந்தப் பொருளோடயே சேர்ந்து வழக்கமா விக்கப்பட்டா, அந்தக் கேஸும் அந்தப் பொருளோட வகையிலயே சேரும்னு சுங்க வரி வகைப்பாட்டு விதி சொல்லுது. ஜிஎஸ்டியும் அந்த விதியைத்தான் பின்பற்றுது. நிறைய டிராவல் ராடு தனக்குன்னே ஒரு குழாயோட வரும். அந்த மாதிரி வாங்கினா மொத்தத்துக்கும் ராடு வரிதான். வரிக்கு முன்னாடி 4,000 ரூபாய் மதிப்புள்ள கேஸ்னா, 18 சதவீதம் 720 ரூபாய், 5 சதவீதம் 200 ரூபாய். வித்தியாசம் 520. சம்பளக்காரருக்கு இன்புட் கிரெடிட்டும் கிடையாது, கட்டினது கட்டினதுதான்.

நோ-காஸ்ட் இஎம்ஐ பத்தியும் ஒரு வரி. கிரெடிட் கார்டு இஎம்ஐயில வட்டியைத் தள்ளுபடியாக் காட்டினாலும், அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க ஸ்டேட்மென்ட்ல வரும். பிராசஸிங் ஃபீ இருந்தா அதுவும். 5,000 ரூபாய்க்கு அது சின்னத் தொகைதான். என் கவலை தொகை இல்ல. பொழுதுபோக்குக்கான துணைப் பொருளைத் தவணையில வாங்குற பழக்கம்தான்.

"நல்ல பொருளா ஒரே தடவை வாங்கிடணும்" – சரிதானே?

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். மட்டமான ஜிப் பையை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறதும் வீண்தான். ஆனா "நல்ல பொருள்"னா விலை கூடின பொருள்னு அர்த்தம் இல்ல. உங்க பயன்பாட்டுக்குப் பொருந்தின பொருள். பொழுதுபோக்கு ஆரம்பிச்ச முதல் ஆறு மாசத்துல நமக்கு எது பொருந்தும்னே தெரியாது. கரையிலயே நிக்கப் போறோமா, படகுல போகப் போறோமா, இல்ல நாலு தடவை போயிட்டு விட்டுடப் போறோமா? அதனால என் பரிந்துரை: முதல் ஆறு மாசம் பைப் அல்லது துணிப் பை. அந்த ஆறு மாசத்துல எத்தனை தடவை, எதுல பயணம் போனீங்கன்னு போன்ல ஒரு நோட் போட்டு வைங்க. அந்த நோட்டே உங்களுக்குப் பதில் சொல்லும்.

எந்தக் கேஸா இருந்தாலும் ஒரு விஷயம் மறக்காதீங்க. நம்ம ஊரு உப்புக் காத்து. கடல்ல நனைஞ்ச ராடை அப்படியே கேஸுக்குள்ள போட்டு மூடினா, கைடுல துரு ஏறும், கைப்பிடியில பூஞ்சை பிடிக்கும். காத்துப் புகாத விலை உயர்ந்த கேஸ் இதுல இன்னும் மோசம். நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, காய வச்ச பிறகுதான் உள்ளே. காருக்குள்ள வெயில்ல நாள் முழுக்க விடவும் கூடாது. இதுக்கு ஆகுற செலவு ஒரு பக்கெட் தண்ணி.

கேஸ் எதுக்கு, இன்ஷூரன்ஸ் எதுக்கு?

பாதுகாப்புங்கிற வார்த்தைக்கு நம்ம மனசு எவ்வளவு சீக்கிரம் காசு எடுக்குது பாருங்க. கண்ணுக்குத் தெரியுற பொருளுக்கு உடனே எடுக்குது. போனுக்குக் கவர், ராடுக்குக் கேஸ். கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கு "அடுத்த மாசம் பார்க்கலாம்"னு சொல்லுது.

ராடு உடைஞ்சா என்ன ஆகும்? 3,000 ரூபாய் நஷ்டம். ரெண்டு வாரம் மூட் அவுட். உங்க சம்பளமே அதைத் தாங்கும். தாங்கக்கூடிய நஷ்டத்துக்குப் பெரிய பாதுகாப்பு தேவையில்ல. தாங்க முடியாத நஷ்டம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, வீட்டுல யாராவது ஆஸ்பத்திரியில பத்து நாள் இருக்கிறது. இன்னொண்ணு, சம்பாதிக்கிற ஆள் இல்லாமப் போறது.

"கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கே"ன்னு சொல்றீங்களா? குரூப் பாலிசி வேலையோட ஒட்டினது. பொதுவா வேலையை விட்டா பாலிசியும் விட்டுப்போகும். ரெண்டு வேலைக்கு நடுவுல இருக்கிற அந்த ஒரு மாசத்துல உங்களுக்கு எந்தக் கேஸும் கிடையாது. சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி, உங்களை நம்பி யாராவது இருந்தா ஒரு டேர்ம் பாலிசி. இதுதான் சம்பளக்காரரோட நிஜமான ஹார்ட் கேஸ்.

இன்னொரு வரிக் கணக்கையும் பாருங்க. தனிநபர் ஹெல்த், லைஃப் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு முன்னாடி 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. அதே 2025 செப்டம்பர் 22 முதல் அது பூஜ்யம். ராடு கேஸுக்கு 18 சதவீதம் கட்டி இஎம்ஐ போடுற நாம, வரியே இல்லாத பாலிசியைத் தள்ளிப் போடுறோம்!

முடிவா

ஆர்டர் பட்டனைத் தொடும் முன்னாடி நாலு விஷயம் பண்ணுங்க.

1. கடைசி மூணு மாசத்துல ராடு எங்கெங்க போச்சுன்னு எழுதுங்க. பைக், பஸ், விமானம், எது எத்தனை தடவை.
2. மடிச்ச நீளம், பெரிய கைடு உயரம், எத்தனை ராடு. டேப் வச்சு அளங்க.
3. உங்க சதவீதத்தைப் போட்டு, போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்பும்னு பாருங்க. மூணு வருஷத்துக்கு மேலன்னா வேண்டாம், பைப் போதும்.
4. சொந்தமா ஹெல்த் பாலிசி இல்லைன்னா, கேஸ் பட்ஜெட்டை முதல்ல அங்க திருப்புங்க.

நாலையும் பண்ணிட்டு, "இல்ல, எனக்கு ஹார்ட் கேஸ்தான் வேணும், வருஷத்துக்கு மூணு தடவை பறக்குறேன்"னு வந்தா, தாராளமா வாங்குங்க. இஎம்ஐ இல்லாம, முழுக் காசு கொடுத்து, நல்லதா வாங்குங்க. அது செலவு இல்ல, சேமிப்பு.

அடுத்த வீடியோவுல இந்தக் கணக்கை ஷீட்ல போட்டுக் காட்டுறேன். உங்க ராடு விலை, பயண எண்ணிக்கையை மட்டும் கையில வச்சுக்குங்க. அதுவரைக்கும், கழுவிக் காய வச்சு வைங்க!